பக்கவாட்டில் வந்த பந்து

வாசகரே, நீங்களே நடுவராக இருந்து தீர்ப்பளியுங்கள். தொண்ணூறுகளில், ரொறன்ரோவில், பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தில், பள்ளி அணிக்காகச் சீலனும் நானும் ஆடினோம். தமிழ்ச் சொற்போரில் அவனை நான் தோற்கடித்த பிறகு, அவன் சிரிப்பில்கூட உள்நோக்கம் தேடினேன்.

கடைசி ஆட்டத்தில் எதிரணியினர் அவனைச் சூழ்ந்தனர். “பிடியடா, பேச்சாளர்!” என்று கத்தியபடி பந்தைப் பக்கவாட்டில் எனக்கு எறிந்தான். அப்படி எறிந்த பந்து தரையில் விழுந்தால், எடுத்தவருக்கே சொந்தம். தோல்விப் பழியை என்மேல் சுமத்தவே எறிகிறான் என்று ஐயுற்றுக் கை நீட்டத் தயங்கினேன். பந்து விழுந்தது, எதிரணி அதை எடுத்தோடி வென்றது.

பயிற்சியாளரிடம் சீலன், தன் எறிதலே பிழை என்றான். மேடையில் ஒருநாளும் தடுமாறாத என் நா அப்போது தடுமாறியது.

“இல்லை சீலன், பந்து சரியாத்தான் வந்தது. நான்தான் உன்னைச் சந்தேகிச்சுக் கை நீட்டேல்லை,” என்று எல்லோர் முன்னும் சொன்னேன். “இனி நீ எறிஞ்சால் முதல் பிடிப்பன், கேள்வியைப் பிறகு கேப்பன்.”