பியூஸ்காரர் ஒப்புக்கொண்ட தப்பு

பியூஸ்காரரை அறியாத லாரி டிரைவர் அந்த வட்டாரத்தில் கிடையாது. ஹாரன் கத்தவில்லையா, முன்விளக்கு எரியவில்லையா, வண்டியை நேரே அவர் ஷெட்டுக்குத்தான் விடுவார்கள். அவரும் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, பியூஸ்தான் என்பார். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர். இருபத்திரண்டு வருடத் தொழிலில் அவர் கை பட்டு எந்த வண்டியும் கெட்டதில்லை. இதைச் சொன்னது யார் என்று கேட்காதீர்கள், அவரேதான். அவர் மாட்டிய விளக்கு அணைந்தால் பல்பு மட்டம், பேட்டரி செத்தால் டிரைவருக்கு அறிவில்லை. வீட்டில் அவர் சரிபண்ணிய குழாய் மறுபடி ஒழுகினால்கூட தண்ணீரில்தான் ஏதோ கோளாறு.

பதினான்கு லாரி வைத்திருந்த முதலாளி ஒருவர், எல்லா வண்டியிலும் ஜிபிஎஸ் பெட்டி மாட்ட அவரைக் கூப்பிட்டார். வண்டி எங்கே நிற்கிறது, நின்ற இடத்தில் இன்ஜின் ஓடுகிறதா, எல்லாம் ஆபீஸ் திரையில் தெரிந்துவிடுமாம். பெட்டி சோப்புக்கட்டி அளவுதான். அதற்கு மூன்று ஒயர். சிவப்பு பேட்டரிக்கு, கறுப்பு பாடிக்கு, மூன்றாவது சாவியைத் திருப்பினால் உயிர்பெறும் ஒயருக்கு. இன்ஜின் ஓடுகிறதா இல்லையா என்று பெட்டிக்குக் கோள் சொல்வது அந்த மூன்றாவதுதான். எப்படி மாட்டவேண்டும் என்று கூடவே ஒரு காகிதம் வந்திருந்தது. அதை டீ கிளாசுக்கு அடியில் வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினார்.

ஏழாம் நம்பர் வண்டியை ஓட்டுவது அவருடைய மச்சினன், மனைவியின் ஒரே தம்பி. அவன் வெயிலில் வேகக்கூடாதென்று மூன்று வருடத்துக்கு முன்பே கேபினில், சாவி போடாமலே பேட்டரியில் ஓடும் ஒரு குட்டி விசிறி மாட்டிக் கொடுத்திருந்தார். பாசமெல்லாம் சரி, ஒயர்தான் மஞ்சள். அவரிடம் எப்போதும் மஞ்சள் மட்டுமே இருக்கும், ஒரே சுருளாக வாங்கி எல்லாவற்றுக்கும் அதையே இழுப்பார். எது எங்கே போகிறது என்று குழம்பாதா என்று கேட்டால், எனக்குத் தெரியாதா என்பார். தெரியவில்லை, பாவம். அந்த வண்டியில் சாவி ஒயரும் மஞ்சள். டேஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்தவர், பெட்டியின் மூன்றாவது ஒயரை விசிறி ஒயரோடு முறுக்கி டேப்பைச் சுற்றிவிட்டார். மச்சினன் விசிறியைப் போட்டுக்கொண்டு சீட்டில் உட்கார்ந்திருந்தான். இவர் சாவியைத் திருப்பிவிட்டு ஆபீசுக்குப் போன் போட்டார். இன்ஜின் ஓடுவதாகத் திரை காட்டுகிறது என்றார்கள். அப்புறமென்ன, அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

இருபது நாள் கழித்து மச்சினனை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். சரக்கு இறக்கக் காத்திருந்த இடத்திலெல்லாம் ஐந்து மணி நேரம், ஆறு மணி நேரம் இன்ஜினை ஓடவிட்டு டீசலைப் பாழாக்கியிருக்கிறானாம். வண்டியை அணைத்துவிட்டுத் தூங்கினேன் என்று அவன் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினான். முதலாளி சாட்சிக்குப் பியூஸ்காரரை வரவழைத்தார். ஒரு நிமிடம் பொறுங்கள், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அந்த வாய் அப்படிச் சொல்லுமா?

"நான் மாட்டின பெட்டி பொய் சொல்லாது முதலாளி."

மச்சினன் அவரைத் திரும்பிப் பார்த்தான். அன்றைக்கே அவனிடமிருந்து சாவியை வாங்கி ஆபீஸ் ஆணியில் மாட்டிவிட்டார்கள்.

மனைவி சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. மூன்று நாள் ஒரு வார்த்தை பேசவில்லை. நாலாம் நாள் காலையில் தட்டை முன்னால் வைத்தபடி, "என் தம்பி பொய் சொல்றானா, உங்க பெட்டி பொய் சொல்லுதா? பார்த்துட்டு வந்து சொல்லுங்க" என்றாள்.

டேப் தளர்ந்திருக்கும், இறுக்கிவிட்டு வருகிறேன் என்று சாக்குச் சொல்லி லாரி நிற்கும் இடத்துக்குப் போனார். கேபின் அடுப்பாகக் கொதித்தது. விசிறியைப் போட்டுக்கொண்டு டேஷ்போர்டுக்கு அடியில் நுழைந்தார். கொஞ்ச நேரத்தில் ஆபீஸ் பெண் மூச்சிரைக்க ஓடிவந்து, ஏழாம் நம்பரை ஸ்டார்ட் பண்ணியது யார் என்று கேட்டாள். சாவி ஆணியில் தொங்குகிறது, திரையில் இன்ஜின் ஓடுகிறதாம்.

அவர் விசிறியை அண்ணாந்து பார்த்தார். இறங்கி கேபின் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒயரை மாற்றி முறுக்கிவிட்டு வாயை மூடிக்கொண்டு போனால் ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. அதை யோசிக்காமல் இல்லை, நன்றாகவே யோசித்தார். ஆனால் அன்றைக்கு மச்சினன் திரும்பிப் பார்த்த பார்வை நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. எழுந்து ஆபீசுக்கு நடந்தார்.

"தப்பு என்னோடது முதலாளி. விசிறி ஒயர்ல கொடுத்துட்டேன்."

வாழ்க்கையில் முதல் தடவை. காதெல்லாம் சுட்டது. ஆளை அனுப்பி விசிறியைப் போட்டுக் காட்டினார், அணைத்துக் காட்டினார். முதலாளி திரையைப் பார்த்தார், ஜன்னல் வழியே சத்தமில்லாமல் நின்ற லாரியைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"அப்போ பெட்டி சரியாத்தான் சொல்லியிருக்கு. ஏதோ ஒண்ணு ஓடியிருக்குல்ல?"

எப்படியோ, மச்சினனைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்தார். சிக்கல் கம்ப்யூட்டரில் வந்தது. புகாரை மூட ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதில் இருந்ததோ மூன்றே காரணம்: டிரைவர் தவறு, போக்குவரத்து நெரிசல், வானிலை. என் பெயரை எழுதும்மா என்று பியூஸ்காரர் அந்தப் பெண்ணிடம் கெஞ்சினார். தப்பைத் தூக்கிக்கொண்டு வந்த மனிதருக்கு அதை இறக்கிவைக்க இடமில்லை.

"உங்களுக்கு அதுல கட்டமே இல்ல அண்ணே. நான் என்ன பண்றது?"

மறுநாள் காலையில் வண்டி லோடு ஏற்றியாக வேண்டும். டிரைவர் தவறு, முதல் முறை, மன்னிக்கப்பட்டது என்று அச்சடித்து நீட்டினார்கள். போன் போட்டதும் ஓடிவந்த மச்சினன் நின்றபடியே படித்தான். கையெழுத்துப் போட்டான்.

"வேலை கிடைச்சா போதும் மாமா, விடுங்க" என்றான், அவர் முகத்தைப் பார்க்காமல்.

சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் மனைவி வாசலுக்கு வந்துவிட்டாள்.

"உங்க தப்புதான்னு சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"உன் தம்பியை மன்னிச்சுட்டாங்க" என்றார் பியூஸ்காரர்.