மழை வந்தபோது மாடு இல்லை

கருவாடும் மரவள்ளி மாவும் நனைந்த கடதாசிப் பெட்டியும் கலந்த நாற்றம்தான் ஜேர்மனியில், ஹனோவர் நகரில் அப்பாவின் கடை. அது என் சட்டையில் ஏறியிருந்ததால் வகுப்பில் பிள்ளைகள் தள்ளி இருந்தார்கள், அதனால் எனக்கு அந்தக் கடையைப் பிடிக்காது. எங்கள் தமிழ்ச் சனத்தைவிட ஆபிரிக்கர்களே அங்கே அதிகம் வாங்கினார்கள். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்த கென்யாக்காரி மேரி, எங்கள் ஆட்களைப் பார்த்துப் பழகி அப்பாவை "அண்ணை" என்பார், மற்றக் கதையெல்லாம் டொச் மொழியில்தான். சனிக்கிழமைகளில் சோளமாவும் "ரெலிபோன் காட்"டும் வாங்கி, கடை மூலையில் நின்றே ஊரிலுள்ள தம்பியுடன் கத்திக் கதைப்பார்.

எனக்குப் பன்னிரண்டு வயதான வருடம் அவர் ஊரில் இரண்டு போகம் மழை இல்லை. சோளம் விலை ஏறியது; எல்லாரும் ஒரே நேரத்தில் மாடுகளைச் சந்தைக்கு ஓட்டியதால் மாட்டு விலை விழுந்தது. தம்பியிடம் மிஞ்சியவை இரண்டு உழவு மாடுகள். மேரி அனுப்பும் காசில் சோளம் வாங்க முடிந்தவரைதான் அவை தப்பும்.

"அதுகளை வித்தா, மழை வரேக்க என்னத்தால உழுகிறது, அண்ணை?"

"விக்க விடாதேங்கோ" என்றார் அப்பா.

வறட்சிச் செய்தி ரீவியில் வந்த கிழமையே அவர் சோளமாவின் விலையை ஏற்றினார். புது விலைச் சீட்டுகளை ஒட்டியது நான்.

"பழைய விலைக்கு எடுத்த மாவெல்லோ, ஏனப்பா ஏத்துறியள்?" என்று அம்மா கேட்டார்.

"வாங்காமல் எங்கை போறது? நீர் சமையலைப் பாரும்."

யுத்தகாலப் பொருளாதாரத் தடை நாட்களில் யாழ்ப்பாணத்து முதலாளிமார் சவுக்காரத்தைப் பதுக்கி விற்றதை ஒவ்வொரு கொண்டாட்டத்திலும் தூசணத்தோடு சொல்கிறவர் இவர்.

மேரி சீட்டைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், வாங்கினார். இரண்டு மாதம் கழித்து, ரெலிபோனை வைத்துவிட்டு, மாடுகள் போய்விட்டன என்றார். இரண்டையும் விற்றுக் கிடைத்தது ஒரு மூட்டைச் சோளம். எங்கள் விலையால்தான் போயின என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவர் ஊருக்கு அனுப்பியிருக்கக்கூடிய காசில் கொஞ்சம் எங்கள் காசு மேசையின் இழுப்பு "லாச்சி"யில் கிடந்தது.

அடுத்த மழை நன்றாகவே பெய்தது. தம்பி அயலவரின் மாட்டுக்குக் காத்திருந்து, பிந்தி விதைத்தார். அதற்குள் மழை நின்றுவிட, பயிர் முழங்கால் உயரத்தில் காய்ந்தது. அதைக் கேட்டு அப்பா ஒரு பை மாவைச் சும்மா நீட்டினார்.

"விலைக்குத் தாங்கோ" என்றார் மேரி.

இப்போது கடையை நான் நடத்துகிறேன். ரெலிபோன் காட் யாரும் கேட்பதில்லை. பென்ஷன் எடுத்த மேரி போன கோடையில் ஊருக்குப் போய்வந்தார். தம்பி உழுத காணியில் இன்று விதைப்பு இல்லை, முள்மரம்தான். தம்பி நைரோபியில் ஒரு கடை வாசலில் காவல் நிற்கிறார். சோளமாவை விலைக்கு வாங்கித் தின்கிறார்.