மழைக்கு விட்ட இடம்

நேற்று கொச்சியின் யூதர் தெருவான ஜூ டவுனில் ஒரு பழம்பொருள் கடையில் மழைக்கு ஒதுங்கியபோது, ஈரத் தேக்கின் வாசனை மட்டாஞ்சேரியில் அப்பா வேலை பார்த்த மரவாடிக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது. இப்போது அங்கே கார்கள் நிற்கின்றன. அன்று, காயல் நீரில் ஊறிய மரத்தடிகளை ரம்பம் அறுக்கும் கீச்சொலியும், சாயா கிளாசில்கூடப் படிந்த மரத்தூளுமாக இருந்த அந்த இடத்தில், கழித்துப்போட்ட துண்டுகளைப் பொறுக்கிவந்துதான் அக்காவும் நானும் இழைப்புளி பிடித்து மரம் இழைக்கப் பழகினோம்.

பத்து வயதில், ஒரு கோடையில் நான் செய்த முதல் பெட்டியின் சறுக்கு மூடி, காகிதம்கூட நுழையாதபடி கச்சிதமாகப் பொருந்தியது.

"மழைக்கு இடம் விடலையேடி நீ," என்றாள் அக்கா.

பொறாமை என்று நினைத்தேன். அவளுடைய எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழ்ப் புத்தகத்தையே வாங்கி அந்தப் பெட்டியில் பத்திரப்படுத்தினேன்.

ஜூன் மழையில் ஈரம் குடித்து மரம் பருத்துவிட்டது. மறுநாள் அக்காவுக்குக் கல்லூரியில் அட்மிஷன். மூடியோ அசையவே இல்லை. அப்பா சுத்தியலை ஓங்கினார்.

"உடைக்க வேண்டாம்ப்பா! அடிப்பலகை ஆணியை எடுத்தாப் போறும்," என்று அக்காதான் தடுத்தாள். கவிழ்த்துவைத்து ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, புத்தகத்தை எடுத்துக்கொண்டு, பெட்டியை என் மடியில் வைத்தாள். "மழை நிக்கட்டும். மூடியை நீயே இழைச்சுக்கோ."

நேற்று அந்தக் கடையிலும் சறுக்கு மூடி வைத்த ஒரு பழைய பெட்டி இருந்தது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்க, அதன் மூடியை ஒற்றை விரலால் தள்ளினேன். வழுக்கிக்கொண்டு திறந்தது.

செய்தவருக்கும் ஓர் அக்கா இருந்திருக்க வேண்டும்.