கடைசி அத்தியாயத்தின் பாடு

மின்புத்தகக் கருவியை என்னிடமிருந்து வாங்கியதும் நைனா அதைக் கையில் வைத்து எடை பார்த்தார். "ஒரு மடவை மீனு கனம்கூட இல்லியே, இதுக்குள்ளயா உங்கம்மா பொஸ்தகம் பூரும்?" என்றார். அப்பாவை நைனா என்று கூப்பிடும், ஏரிக்கரை மீனவ ஊரான பசியாவரத்துக்காரி நான். பொன்னேரியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. அம்மா தினமும் சாயங்காலம் ஒரு தடித்த நாவலை அவருக்கு வாய்விட்டுப் படிப்பாள். நாலு அத்தியாயம் மீதி இருக்கும்போது போய்ச் சேர்ந்துவிட்டாள். பொடி எழுத்து நைனாவின் கண்ணுக்குப் பிடிபடவில்லை. நான் படிக்கிறேன் என்றால், "உன் கொரலுல வாணாம்" என்றுவிட்டார். முடிவைத் தானே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டுமாம். ஆகவே பக்கங்களைப் போனில் படம் பிடித்தேன். அவற்றை எழுத்தாக மாற்றிவிட்டால் கருவியில் எவ்வளவு பெரிதாகவும் வைத்துப் படிக்கலாம். மாற்றுவதற்கு மூன்று வழி கிடைத்தது: போனில் ஒரு செயலி, ஒரு இணையதளம், சென்டர் கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருள்.

எது தேவலை என்று பார்த்து ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்றேன். அங்கேதான் வம்பு. எங்கள் ஏரியில் எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை போடுவது என்று சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். நைனா மூன்றுக்கும் சீட்டுக் குலுக்கினார். நாளுக்கு ஒரு அத்தியாயம், ஆளுக்கு ஒரு பாடு. முதல் நாள் செயலி. அத்தியாயம் மொத்தமும் எழுத்துக்குப் பதில் வெறும் கட்டம் கட்டமாக வந்தது. "இன்னிக்கி வலையில ஒண்ணும் படல, வுடு" என்று படுத்துவிட்டார். இரண்டாம் நாள் இணையதளம். பாதி வரிகளை விழுங்கிவிட்டது. நாயகி ஊரை விட்டுப் போனது கோபத்திலா, காதலிலா என்று இன்றுவரை எங்களுக்குள் தகராறு; புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கவும் நைனா விடவில்லை. மூன்றாம் நாள் மென்பொருள். ஓர் எழுத்து பிசகவில்லை. நாலாம் நாள், கடைசி அத்தியாயம், மறுபடி அந்தச் செயலியின் பாடு.

"நைனா, கம்ப்யூட்டர்லயே மாத்திடலாம்" என்று கெஞ்சினேன்.

"இன்னாம்மா பேசற? வெறும் வலையோட வந்தான்னு அவன் மொறைய புடுங்கிக்குவியா? அவனுக்கும் ஒரு நாள் படும்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மா படிக்காமல் விட்ட முடிவு கட்டம் கட்டமாகப் போவதை என்னால் தாங்க முடியவில்லை. சென்டரில் மென்பொருளிலேயே மாற்றி, செயலி செய்தது என்று புளுகிக் கொடுத்தேன். நைனா வரி வரியாக விரல் வைத்துப் படித்தார். முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாத்தியா? அவனுக்கும் ஒரு நாள் படும்னு சொன்னேன்ல" என்றார்.

அன்றிலிருந்து ஊரில் யார் கேட்டாலும் அந்தச் செயலியைத்தான் சொல்கிறார். அவர்கள் கட்டங்களைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள்; நானும் வாயைத் திறக்காமல் மாற்றிக் கொடுத்து அனுப்புகிறேன். நைனாவிடம் உண்மையைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் சொன்னால், அடுத்தவன் முறையில் பிடித்தது நமக்கு ஆகாது என்று, அந்தக் கடைசி அத்தியாயத்தைத் தான் படிக்கவே இல்லை என்று வைத்துக்கொள்வார்.