குகதாசன் அண்ணனும் வெட்டி எறிந்த உறுமியடியும்

செவ்வாய்க்கிழமை காலை, ஈப்போவில் நான் தட்டச்சு செய்யும் அலுவலகத்துக்குப் போன் வந்தது. குகதாசன் அண்ணனின் மனைவி பேசினார். "அவர் போயிட்டார், தங்கச்சி. விடிய எழும்பயில்லை," என்றார். சொல்ல வெட்கமாக இருக்கிறது: எனக்கு முதலில் அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பழைய தோட்டத்து ஆட்களே, உங்களில் பலருக்கு அவர் 'கிறுக்கு மெஷின்காரர்'. தொலைபேசி பழுது பார்ப்பவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம். குனோங் ராபாட்டில் தன் வீட்டு முன்னறையில் பழைய ரேடியோக்களைப் பிரித்துப்போட்டு, தானாக முனகும் பெட்டிகள் செய்வார். அந்த முனகலோடு நம் ரப்பர் தோட்டத்துத் தாலாட்டையும் உறுமி மேளத்தையும் கலந்து நாடாவில் பதிவார். முதல் தடவை கேட்டதும், "என்னண்ணே, ரப்பர் ஸ்டோர்ல மெஷின் ஓடுற மாதிரி இருக்குலா," என்று சிரித்துவிட்டேன். கோபப்படுவார் என்று பார்த்தால், "ஓம், அதுவும் உங்கட பாட்டுத்தானே," என்று மறு ஞாயிறே மைக்கைத் தூக்கிக்கொண்டு, ரப்பர் பாலை ஷீட்டாக்கும் அந்த ஸ்டோருக்குக் கிளம்பிவிட்டார்.

எழுபதுகளின் கடைசியில் நம் தோட்டத்தை விற்றார்கள். கோயிலும் போயிற்று. உறுமிக்காரர் கமுந்திங்கில் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டார். கடைசித் திருவிழாவில் அவர் அடித்தது மட்டும் அண்ணனின் நாடாவில் இருந்தது. ஞாயிறுகளில் அவருக்கு உதவப் போவேன்; அதை வெட்டி ஒட்டும் வேலை என்னுடையது. நாடாவைப் பிளேடால் வெட்டி, இரண்டு முனையையும் ஒட்டி வளையமாக்கினால் அதே அடி சுற்றிச் சுற்றி வரும். சாமியை அழைக்கும் அடியை வளையமாக்கினேன். சாமியை மலையேற்றி, ஆடுகிறவரை இறக்கிவிடும் அடி கடைசியில், மெதுவாக, இழுவையாக வந்தது. சலிப்புத் தட்டும் என்று வெட்டிக் குப்பையில் போட்டேன். அது எதற்கான அடி என்று அண்ணனுக்குத் தெரியாது. தோட்டத்தில் பிறந்த எனக்குத் தெரியும்.

ஒரு ஞாயிறு மதியம், பள்ளி மண்டபத்தில் பழைய தோட்டத்து ஆட்களைக் கூட்டி அந்த வளையத்தைப் போட்டோம். என் அக்கா புஷ்பமும் வந்திருந்தாள். திருவிழாதோறும் அவளுக்குச் சாமி வரும். கோயில் போனபிறகு வரவில்லை. ஆஸ்துமாக்காரி வேறு. அடி சுற்ற ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் அக்கா எழுந்து ஆடினாள். "ஆத்தா வந்துட்டா!" என்று எல்லாரும் கைகூப்பினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பெருமை நிலைக்கவில்லை. உறுமிக்காரர் ஆடுகிறவர் முகத்தைப் பார்த்தே அடிப்பார். கால் தளர்ந்தால் அடியும் தளரும். மெஷின் யார் முகத்தைப் பார்க்கும்? அக்காவின் உதடு நீலம் பாரித்துவிட்டது. "நிப்பாட்டுங்கலா!" என்று மாமா, அவள் புருஷன், அலறினார். "பாதியில நிப்பாட்டுனா உசிரு தங்காதுடா! எறக்குற அடியப் போடு!" என்று பூசாரி கத்தினார். அண்ணன் என்னைப் பார்த்து, "அது எங்க, தங்கச்சி?" என்றார். அக்காவைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. நாடா ஓடும் உருளையின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். உறுமி கனத்து, இழுபட்டு, மெல்ல இறங்கியது. அவர் மெஷினைப் பார்க்கவேயில்லை, அக்காவின் முகத்தையே பார்த்தார். அவள் கால் தளரத் தளர இன்னும் கொஞ்சம் அழுத்தினார். அடி நின்றபோது அக்கா மாமாவின் தோளில் சரிந்தாள். கீச்கீச்சென்று மூச்சு வந்தது.

"எறக்குற அடிய வெட்டுன படுபாவி எவன்?" என்று பூசாரி பாய்ந்தார்.

"நான்தான்," என்றார் அண்ணன்.

நீங்கள் எல்லாரும் நம்பினீர்கள். பிறகு அந்த மண்டபத்தில் அவரை நுழையவிடவில்லை. அக்கா அவர் பெயரைக் கேட்டாலே, "அந்தப் பேயனா?" என்பாள். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அண்ணனிடம் ஒருநாள் அழுதுகொண்டே கேட்டேன். "நான் வெளியாள். என்னை ஏசிப்போட்டு விட்டிடுவினம். நீ அவையளோட வாழவேணும்," என்றார். இன்னொன்றும் சொன்னார்: "மெஷினுக்குப் பயமில்லை. அதுக்கும் சேர்த்து நாங்கள்தான் பயப்படவேணும்." அன்றிலிருந்து அவர் எந்த வளையத்தையும் தனியாக ஓடவிட்டதில்லை. நாலு பேர் முன்னால் போட்டாலும் அவர்களைப் பார்த்தபடி, உருளைக்குப் பக்கத்திலேயே விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இழவு வீட்டுக்கு அக்கா வரவில்லை. "அவனுக்கு நான் எதுக்கு வரணும்?" என்றாள். அப்போதும் உண்மையைச் சொல்லாமல் நான் மட்டும் கிளம்பிப் போனேன். என்னைத் தவிர உண்மை தெரிந்த ஒரே ஒருவர் போய்விட்டார். இனி நானும் பேசாமல் இருந்தால் உண்மை அவரோடே எரிந்து, அந்தப் பழியே உண்மையாகிவிடும். செவ்வாய்க்கிழமை வந்த பயம் இதுதான்.

அவர் சொல்லித்தந்த பயத்தை நான் வைத்துக்கொள்கிறேன். அவர் எனக்காகச் சொன்ன பொய்யை இனி வைத்துக்கொள்ள மாட்டேன். அக்கா, அந்த அடியை வெட்டியது நான்.