பெடல் கேட்டோம், பொம்மர் வந்தது

2025 பெப்ரவரி 8, சனிக்கிழமை. அலுவலகம் இல்லாத நாள். விடிய எழுந்து முற்றம் கூட்டி, கத்தரிக் கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டு, பிட்டு அவித்தேன். பிறகு பஸ்ஸில் மருதனார்மடம் சந்தைக்குப் போய் வாரத்துக்கு வேண்டிய மரக்கறி வாங்கினேன். வெயில் ஏறுமுன் மயிலிட்டிக்குத் திரும்பியபோது விறாந்தையில் கனடாப் பெட்டி இருந்தது. என்னிலும் பதின்மூன்று வயது மூத்த அண்ணையின் கையெழுத்தில் என் பெயர். மகள் அதன் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தாள். அம்மா வரட்டும் என்று பெட்டியைத் தொடாமல் வைத்திருந்தாள். கையில் கத்தரிக்கோல் மட்டும் ஆயத்தமாக இருந்தது.

நானும் அவளும் மட்டுமே இருக்கும் வீடு இது. அவள் கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கும் இரத்மலானையில் சிறு விமானம் ஓட்டப் பழகுகிறாள். தை மாதம் நடந்த பரிசோதனைப் பறப்பில் தேறவில்லை. பக்கக் காற்றில் தரையிறங்கும்போது விமானத்தின் மூக்கு ஓடுபாதைக்கு நேராக நிற்கவில்லையாம். "கை பறக்குது, கால் நித்திரை கொள்ளுது" என்று பயிற்றுநர் சொன்னதாகச் சொல்லி அழுதாள். பங்குனியில் இன்னொரு தடவை பார்ப்பார்கள். அதிலும் தவறினால் அந்த இடம் போய்விடும். மறுபடி முதலிலிருந்து சேர்க்க எனக்கு வழி இல்லை. அதுவரை வீட்டில் இருந்து கணினியில் பழகு என்று அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு விமானம் தெரியாது, பக்கக் காற்றுத் தெரியும். கச்சான் என்னும் மேல்காற்று அடிக்கும் நாட்களில் அப்பா வள்ளத்தின் முனையைத் துறைவாசலுக்கு நேராகப் பிடிக்க மாட்டார். காற்று வரும் பக்கம் சற்றுத் திருப்பி வைத்தபடியே உள்ளே கொண்டுவருவார். கரையில் நின்று பார்த்தால் வள்ளம் கோணலாக வருவதுபோல் இருக்கும், ஆனால் சரியாக வந்து சேரும். இதைச் சொன்னதும் மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அதேதான் அம்மா. ஆனால் சில்லு நிலத்திலை படுற நேரம் மூக்கை நேராக்க வேணும். அதைச் செய்யிறது கை இல்லை, கால்."

அதனால் காலால் மிதிக்கும் பெடல் வேண்டும் என்றாள். எந்தச் சிமுலேட்டர் வாங்குவது என்று அவள் தேடிய தேடலை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஒன்றில் உலகம் அப்படியே படம் பிடித்ததுபோல் தெரியும். பக்கத்துப் பலாலி விமான நிலையத்தின் ஓடுபாதையும் எங்கள் வீதியோரத்துப் பனைகளும்கூட இருந்தன. அதற்குப் பெரிய கணினியும் அறுந்து போகாத இணையமும் வேண்டும். இறங்கும் தறுவாயில் படம் ஒரு கணம் உறைந்தாலும் பழகியது வீண். மற்றதில் மரங்கள் அட்டையில் வெட்டி நட்டதுபோல் நின்றன, ஆனால் அவள் உண்மையில் ஓட்டும் அதே வகை விமானம் அதில் இருந்தது. காலை மறந்தால் மூக்கு விலகியது, வேகத்தை விட்டால் விழுந்தது. "வடிவான படம் எனக்கு வேண்டாம் அம்மா. நான் பிழை விட்டால் பிழை எண்டு சொல்லுற ஒண்டு வேணும்" என்றாள். எங்கள் பழைய கணினிக்கு அது போதும். வத்தளையில் ஒருவர் தாம் பாவித்த பெடலையும் ஸ்டியரிங் போன்ற பிடியையும் விற்க இருந்தார். பேசி முடித்துவிட்டோம்.

அந்த நேரத்தில்தான் கனடாவிலிருந்து அழைப்பு வந்தது. "நான் உயிரோடை இருக்கேக்கை என்ரை மருமகள் ஆரோ பாவிச்சுக் கழிச்ச சாமானிலையோ பழகிறது? நீ பேசாமல் இரு தங்கச்சி. நான் பாத்துக்கொள்ளுறன்." வத்தளைக்காரருக்கு வேண்டாம் என்று சொன்னோம். மகள் தேவையானவற்றைப் படத்தோடு மாமாவுக்கு எழுதி அனுப்பினாள். பெடலைச் சுற்றிச் சிவப்பில் வட்டமும் போட்டிருந்தாள். அவரிடமிருந்து பெருவிரலை உயர்த்திக் காட்டும் படம் ஒன்று பதிலாக வந்தது.

பெட்டியைத் திறந்தோம். சொக்கிலேற், சவர்க்காரம், துவாய்கள். அடியில் பளபளக்கும் பெரிய பொதி. அதற்குள் கறுப்பு நிறத்தில், உச்சியில் சிவப்புப் பொத்தானும் விரலுக்கு விசையும் வைத்த பிடி ஒன்று. போர் விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்றும் கூட வந்திருந்தது. பெடல் இல்லை. மகள் துவாய்களை ஒவ்வொன்றாக விரித்து உதறிப் பார்த்தாள். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

அண்ணை கெட்டவர் அல்லர். இதைச் சொல்லாமல் அவர்மேல் கோபப்படுவது நியாயமில்லை. நான் சிறுபிள்ளையாக இருந்தபோது சைக்கிளின் முன்பாரில் என்னை ஏற்றிக்கொண்டு பலாலிக்கு மிதிப்பார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கொழும்பு விமானம் எழும்புவதைப் பார்ப்போம். அது மறைந்த பிறகும் அவர் கையை ஆட்டிக்கொண்டே இருப்பார். குண்டு போடும் பொம்மர்கள் எங்கள் தலைக்கு மேலே வரத் தொடங்குமுன் அவர் நாட்டை விட்டுப் போய்விட்டார். அவருக்கு விமானம் என்றால் இன்றும் அந்தக் கொழும்பு விமானம்தான். எங்களுக்கு அப்படியில்லை. குத்தி இறங்கும் இரைச்சல் கேட்டால் அடுப்பில் இருப்பதை விட்டுவிட்டுப் பங்கர்க் குழிக்குள் பாய்ந்தவர்கள் நாங்கள். அது தெரியாதது அவர் குற்றமில்லை. கேட்காததுதான் குற்றம்.

அவர் ஒருபோதும் கேட்டதில்லை. என் கணவர் நடக்க முடியாமல் போனபோது, கையால் தள்ளும் சாதாரணச் சக்கர நாற்காலி ஒன்று போதும் என்று எழுதினேன். பற்றரியில் தானாக ஓடும் பெரிய நாற்காலி வந்தது. அது எங்கள் வாசல் நிலைக்குள் நுழையவில்லை. கணவர் அதில் ஒருமுறை உட்கார்ந்தார், படம் எடுத்து அனுப்புவதற்காக. பிறகு அவர் கண்மூடும் வரை அது விறாந்தையிலேயே நின்றது. ஊர் வந்து பார்த்து, "தமையன் எண்டால் உப்பிடி இருக்க வேணும்" என்றது. எங்கள் பக்கத்தில் இது எழுதாத சட்டம். வெளிநாட்டிலிருந்து வந்ததைப் பிழை சொல்லக்கூடாது. வந்ததை எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைக்க வேண்டும். படம் எடுக்க வேண்டும். கேட்டது வரவில்லை என்றால் கேட்டவர்தான் மறக்க வேண்டும்.

பின்னேரம் அண்ணை அழைத்தார். அங்கே காலை. தொலைபேசித் திரையில் அவரும் அவர் மனைவியான மச்சாளும் தேநீர்க் கோப்பைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். மகள் பிடியைப் பொருத்தி விளையாட்டை ஏற்றிவைத்திருந்தாள்.

"எப்பிடி மருமகள், சாமான் எப்பிடி?"

"நல்லா இருக்கு மாமா. பெடல்தான்..."

"பெடலோ? அது தையல் மெசினுக்கு. உந்தப் பிடியை முறுக்கினால் பெடல் செய்யிற வேலை முழுக்கச் செய்யும். கடைக்காரன் சொன்னவன். ஓட்டிக் காட்டு பாப்பம்."

"உவவுக்குக் கூச்சம்" என்றார் மச்சாள், மகளைச் சுட்டி.

மகள் ஓட்டினாள். திரையில் கடல் வந்தது, பிறகு ஒரு கரை, சில வீடுகள். "இறக்கு, இறக்கு! கீழை தெரியுது பார், சிவத்தப் பொத்தானை அமத்து!" என்று அண்ணை கத்தினார். ஒலிபெருக்கியில் அந்த இரைச்சல் குத்தி இறங்கியது.

அடுத்ததாக எனக்குத் தெரிந்தது, நான் மேசைக்குக் கீழே அரிசி வாளிக்கும் தேங்காய்களுக்கும் நடுவே இருந்தேன். மகளின் தலையை என் வயிற்றோடு அமுக்கிப் பிடித்திருந்தேன். அவளுடைய கதிரை கவிழ்ந்து கிடந்தது. "அம்மா, அம்மா, ஒண்டுமில்லை" என்று அவள் எனக்குள்ளிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். மேலே அண்ணை சிரித்தார். "என்னடி தங்கச்சி, கேம் பாத்துப் பயந்திட்டியோ?"

நான் வெளியே வந்தேன். முதலில் கணினியின் வயரை இழுத்தேன். பிறகு தொலைபேசியைக் கையில் எடுத்தேன்.

"அண்ணை, நீங்கள் செய்தது பிழை."

"என்ன?"

"பிள்ளை கேட்டது பெடல். வட்டம் போட்டுக் காட்டினவள். நீங்கள் அனுப்பினது பொம்மர். மயிலிட்டி வீட்டுக்குப் பொம்மர் அனுப்பியிருக்கிறியள்."

"உது விளையாட்டெடி. ஆகத் திறமானதைத் தேடி எடுத்தனான். உன்ரை பிள்ளைக்கெண்டுதானே?"

"என்ரை பிள்ளைக்கு இல்லை. படம் எடுத்துப் போடுறதுக்கு. இவரின்ரை கதிரையும் அப்பிடித்தான். அது வாசலுக்குள்ளை வரேல்லை அண்ணை. ஒரு நாளும் வரேல்லை."

மச்சாள் கோப்பையை வைக்கும் சத்தம் கேட்டது. "இஞ்சை பனிக்குள்ளை நிண்டு உழைச்சு அனுப்பிறது உந்தக் கதை கேக்கவோ?" என்றார் அவர். அண்ணையின் முகம் பெரிதாகத் திரையை நெருங்கி வந்தது, எதையோ வாசிக்கக் கண்ணாடி தேடுபவர்போல. நான் அழைப்பை நிறுத்தினேன். அழவில்லை. இதை எழுதும்போதும் கோபம் குறையவில்லை. பிழை விட்டால் பிழை என்று சொல்லும் ஒன்றைத்தான் என் பிள்ளை தேடினாள். எங்கள் குடும்பத்தில் அண்ணைக்கு அப்படி ஒருவரையும் நாங்கள் விட்டுவைக்கவில்லை. சைக்கிள் பாரில் நான் இருந்த நாளிலிருந்து அவர் சொன்ன திசைதான் எங்களுக்குத் திசை.

அன்று விளக்கு வைக்குமுன் வத்தளைக்காரரை அழைத்தேன். பெடலை இன்னும் விற்கவில்லை என்றார். மறுநாள் இரவு யாழ்ப்பாண பஸ்ஸில் ஏற்றிவிடச் சம்மதித்தார். மகள் கறுப்புப் பிடியைப் பொதியில் வைத்து, உறையை முன்பிருந்த மடிப்பிலேயே மடித்து ஒட்டினாள். அதை எங்கே வைப்பது என்று கேட்டாள். எல்லோரும் பார்க்கும் இடத்தில் வேண்டாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை முற்றத்தைக்கூடக் கூட்டவில்லை. முதல் வேலையாக அந்த மேசைக்குக் கீழே இருந்த அரிசி வாளியையும் தேங்காய்களையும் பழைய பத்திரிகைக் கட்டுகளையும் வெளியே இழுத்துப் போட்டேன். மகள் கதிரையில் உட்கார்ந்து, இல்லாத பெடல்களில் இரண்டு காலையும் நீட்டி வைத்துப் பார்த்தாள். முழங்கால் சட்டத்தில் இடித்தது. மேசைக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்த வேண்டும். அப்போது தொலைபேசி அடித்தது. கனடா அழைத்தால், கையில் என்ன இருந்தாலும் போட்டுவிட்டு ஓடுவதுதான் இந்த வீட்டு வழக்கம்.

"அம்மா, மாமா."

"அடிக்கட்டும். நீ முதல்லை உந்தப் பக்கத்தைத் தூக்கு."