நெல் நடாமல் இருக்கக் கொடுத்த பணம்

எங்கள் பட்டறையில் பீங்கான் ஃபியூஸ் செய்கிறோம். மண் கரைக்கத் தண்ணீர் இல்லாவிட்டால் அன்றைக்கு வேலையே இல்லை. அந்தக் கோடையில் பட்டறைகளுக்குப் பொதுவான போர்வெல் காற்றைத்தான் இழுத்தது. என் கணவர் மோட்டாரை நிறுத்தி நிறுத்திப் போடுவார். வேலைக்கு வந்த பெண்கள் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பார்கள்.

பட்டறைக்குப் பின்னாலேயே ஒரு விவசாயியின் கொல்லை நிலம். இலவசக் கரண்டில் கோடை நெல்லுக்கு ஓயாமல் இறைப்பார். அவர் நிறுத்தினால் எங்களுக்கு ஊறும் என்று நம்பி, பட்டறைக்காரர்கள் எல்லோருமாக அவரிடம் போனோம்.

"இந்தப் போகம் நெல்லு வெக்காதீங்கண்ணா. அதுல வர்ற லாபத்த நாங்களே குடுத்துடறோம். உளுந்து போட்டுக்குங்க," என்றேன்.

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "சரிம்மா, வெக்கல," என்றார்.

சொன்னபடியே உளுந்துதான் போட்டார். ஆனாலும் எங்கள் போர்வெல் ஊறவில்லை. வாங்கிய ஆர்டரை விட முடியாமல் டேங்கர் லாரியில் தண்ணீர் வாங்க ஆரம்பித்தோம். ஒருநாள் டிரைவரிடம் கேட்டேன்.

"எங்கேர்ந்துப்பா எடுத்தாற?"

"தோ, பின்னாடி கொல்லையிலதாங்க்கா."

இறைக்காமல் இருக்க ஒருமுறை, இறைத்ததற்கு ஒருமுறை என்று ஒரே தண்ணீருக்கு இரண்டு முறை பணம் கொடுத்திருக்கிறோம். அப்படியே நடந்து அவர் கொல்லைக்குப் போனேன்.

"நெல்லு வெக்கக்கூடாதுன்னுதான சொன்னீங்க? தண்ணி விக்கக்கூடாதுன்னு சொன்னீங்களா?" என்றார். ஏமாற்றுகிறவர் முகமாக அது இல்லை. வரப்பிலேயே நின்று அழுதேன்.

கொஞ்ச நாளில் அவர் போர்வெல்லும் சேற்றைக் கக்கியது. மாட்டுக்குக்கூடத் தண்ணீர் இல்லாமல், எங்கள் பட்டறை வாசலுக்கு அவரே வந்தார்.

"இப்ப என்னம்மா பண்றது?"

மறுபடி உட்கார்ந்து பேசினோம். அவர் கொல்லையில் இருக்கும் பழைய திறந்த கிணற்றில் தண்ணீர் மட்டம் இறங்காமல் இருந்தால்தான் அவருக்குப் பணம். பொதுப் போர்வெல்லில் அதிகம் தண்ணீர் எடுக்கும் பட்டறை அந்தப் பணத்துக்கு அதிகம் போட வேண்டும்; மண் கழுவிய தண்ணீரைத் தெளியவைத்துத் திரும்பப் பயன்படுத்தினால் அந்தப் பங்கைக் குறைத்துக்கொள்வோம். டேங்கர் வருவது நின்றது.

அதற்குள் எங்கள் வரிசையில் சில பட்டறைகள் பூட்டிவிட்டன. நாங்களும் பாதிப் பெண்களை அனுப்பிவிட்டோம். மாதம் பிறந்ததும் அவரும் என் கணவரும் கிணற்றில் கயிறு விட்டுப் பார்க்கிறார்கள்.

"எறங்கல. ஆனா ஏறவும் இல்ல," என்றார் விவசாயி, போன மாதம். பணத்தை நீட்டினேன். வாங்கி மடியில் செருகிக்கொண்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.